இரண்டு பேருக்கு ஒரு ஓவர்கோட்

1

செய்த தப்பை முதலிலேயே எழுதிவிடுகிறேன். 1984-ல் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பழைய கோட்டைச் சுவரில் என் பெயரைக் கீறினேன். பழி என்னுடன் வந்திருந்த மரியதாஸ் மேல் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். அதன்பிறகு உண்மையைச் சொல்லச் சொல்லி இரண்டு முறை என்னைக் கேட்டார்கள். இரண்டு முறையும் பொய் சொன்னேன். முதலில் செய்ததைப் பயம் என்று சொல்லி நழுவலாம். மற்ற இரண்டையும் நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

மரியதாஸ் ஆவடியில் சேக்காட்டுக்காரர். நாங்கள் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் பயிற்சிப் பிரிவில் அதிகாரி. அவர் டிப்ளமோ படித்துவிட்டு மெஷின் ஷாப்பில் டெக்னீஷியனாக இருந்தார். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் என் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடுவது போல ஆகிவிடும். கோட்டையின் பெயரையும் எழுதவில்லை, அதே காரணம்தான்.

இங்கிலாந்துக்கே குடிவந்த பிறகு, பார்த்த இடங்களைப் பற்றி ஊர்ப் பத்திரிகைகளுக்கு நானும் சில குறிப்புகள் எழுதியிருக்கிறேன். அரண்மனை, தேவாலயம், ஆற்றுப் பாலம் எல்லாம் வந்தன. படித்துவிட்டு "எங்களையும் கூட்டிக்கொண்டு போனது போல இருந்தது" என்று சிலர் எழுதினார்கள். அவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

2

இப்போது நான் என் மகன் முரளியின் வீட்டில் இருக்கிறேன். காலையில் அவனும் மருமகளும் ஆளுக்கொரு காரில் கிளம்பிய பிறகு, பேத்தி காவ்யாவைப் பள்ளிப் பேருந்து நிற்கும் முனைவரை கொண்டுபோய் விடுவது என் வேலை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. கூட வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். இப்போது பத்தடி முன்னால் நடக்கிறாள். திரும்பி வந்து பாத்திரம் துலக்கி, நூலகத்துக்குப் போய், மூன்று மணிக்கு மறுபடியும் அதே முனைக்கு வருவேன்.

அவள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வாள். பேசினால், "தாத்தா, நீ பசிக்குதா?" என்பாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு மாதம் போனாள். பிறகு அந்த நேரத்துக்கு நீச்சல் வந்தது. முரளி நீச்சலைத்தான் தேர்ந்தெடுத்தான். அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் சென்ற ஆண்டு ஒரு நாள், அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாததை நினைத்து நானே நிம்மதி அடைந்தேன். அந்தக் கேவலத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வரலாற்று வகுப்பிலிருந்து அவர்களை ஒரு கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். சாயங்காலம் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"தாத்தா, கோபுரத்துல ஒரு ஜன்னல் பக்கத்துல இந்திய எழுத்து இருந்தது. உன் பத்திரிகைல இருக்கற மாதிரி சுருள் சுருளா. ஒரு இந்திய மாலுமியை ரொம்ப நாளைக்கு முன்னாடி அங்க அடைச்சு வச்சிருந்தாங்களாம். அவன் கீறியிருக்கலாம்னு கைடு சொன்னார். மனைவி பெயரா இருக்கும்னார்."

எந்தக் கோட்டை என்று கேட்டேன். சொன்னாள். நான் கீறிய அதே கோட்டை.

வீட்டுப் பாடமும் இருந்தது. அந்தக் கைதியின் மனநிலையைக் கற்பனை செய்து ஒரு பக்கம் எழுத வேண்டும். "அவன் உன் ஊர்க்காரனா இருக்கலாம் இல்லையா? அவன் என்ன நினைச்சிருப்பான், தாத்தா?" என்று பென்சிலும் கையுமாக என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டை நினைத்திருப்பான் என்றேன். குளிர் தாங்கியிருக்காது என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். அந்தப் பக்கத்துக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கி வந்தாள்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னால் அதே கீறலுக்காக ஒரு மனிதனைப் பொறுக்கி என்று முடிவு செய்து விமானம் ஏற்றினார்கள். இப்போது எழுதியவன் யார் என்று தெரியாது என்பதால் அது சரித்திரம் ஆகிவிட்டது, குழந்தைகளைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். அந்தக் கைடைத் தேடிப்போய்க் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இரவு சாப்பாட்டில் முரளியிடம் சொன்னேன். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காவ்யா மாடியில்தான் இருக்கிறாளா என்று பார்த்தான்.

"அப்பா, உங்க குடியுரிமை மனு போயிருக்கு. நன்னடத்தைன்னு ஒரு கேள்வி இருந்ததே, ஞாபகம் இருக்கா? இப்ப போய் இதெல்லாம் யார்கிட்டயும் பேசாதீங்க."

"நன்னடத்தைதான்னு எழுதியிருக்கேன்."

"அப்ப அப்படியே இருக்கட்டும்."

அவன் மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. இப்படி வாய் மூடி இருக்கும் வித்தையை அவன் எங்கிருந்து கற்றுக்கொண்டிருப்பான்?

3

எங்கள் இரண்டு பேரையும் கம்பெனி ஆறு மாதப் படிப்புக்கு இங்கே அனுப்பியது. ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. திரும்பியதும் புதிதாக வரும் இயந்திரங்களுக்கு மரியதாஸ் சூப்பர்வைசர் ஆவதாக ஏற்பாடு. அவருடைய தகப்பனார் திருநின்றவூர்ப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் மரியதாஸ். அவரை வழியனுப்ப மீனம்பாக்கத்துக்கு வேன் வைத்துக்கொண்டு சேக்காடே வந்தது. பங்குச் சாமியாரும் வந்தார்.

அக்டோபரில் குளிர் இறங்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரை வைத்துச் சமாளித்தோம். ஒரு சனிக்கிழமை தேவாலயத்தில் பழைய துணி விற்பனை நடந்தது. அங்கே கனமான பழுப்பு நிற ஓவர்கோட் ஒன்று கிடைத்தது. என் தோளுக்குச் சரியாக இருந்தது, அவர் தோளுக்கும் சரியாக இருந்தது. ஆளுக்கு ஒன்று தேட இருவருக்கும் மனம் வரவில்லை. கூட்டாக வாங்கினோம்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் சுற்றுதலுக்கு ஒரு முறை உண்டாகிவிட்டது. சனிக்கிழமைதோறும் மாணவர்களுக்கான சலுகைப் பேருந்தில் ஏதாவது ஒரு பழைய இடத்துக்குப் போவோம். ஒருவர் கோட்டைப் போட்டுக்கொண்டு போஸ் கொடுப்பார். மற்றவர் என் காமிராவில் படம் எடுப்பார். பிறகு கோட்டும் காமிராவும் கை மாறும். எல்லா இடத்திலும் ஆளுக்கு ஒரு படம். ஒரு பிரதி அம்பத்தூரில் என் வீட்டுக்கு, ஒரு பிரதி சேக்காட்டுக்கு. கம்பெனிக் குடும்ப விழாவுக்கு இரண்டு வீட்டுப் பெண்களும் வந்தபோது படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மரியதாஸின் மனைவி ஸ்டெல்லாதான் முதலில் கண்டுபிடித்தாள். "இன்னாக்கா இது, ரெண்டு பேருக்கும் ரெண்டாவது பட்டன் இல்ல" என்றாளாம். என் மனைவி கடிதத்தில் எழுதியிருந்தாள். நாங்கள் அறையில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மரியதாஸ் இல்லாமல் அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குச் சிரிப்பே இருந்திருக்காது. எந்தக் கைடு எதைப் பெருமையாகக் காட்டினாலும் அவர் என் காதருகே ஏதாவது சொல்வார்.

"இன்னா சார், ஒரு செவுத்துக்கு இவ்ளோ கதை உடறான். நம்ம ஆவடி ஸ்டேசன் செவுரு இதவிடப் பழசா கீது."

"மெல்லப் பேசுப்பா."

"அவனுக்கு இன்னா தமிழா தெரியும்? ராஜா படுத்த கட்டிலாம், பாருங்க. கொசுவலகூட இல்ல."

கல்யாணமான புதிதில் ஸ்டெல்லாவை அழைத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனதையும், அங்கே கோட்டைச் சுவரில் அவள் பெயரை ஆணியால் எழுதியதையும் ஒரு பேருந்துப் பயணத்தில் சொன்னார். எழுதும்போது பார்த்த காவலாளி கம்போடு துரத்தினானாம். "ஸ்டெல்லா முன்னாடி ஓடறா, நான் பின்னாடி ஓடறேன். கண்ணாலம் ஆயி எட்டு நாளு சார். இப்பவும் திட்டுவா, அசிங்கம் புடிச்சவனேன்னு."

அந்தக் கதையை அவர் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

4

அந்தக் கோட்டைக்கு நவம்பரில் போனோம். கோபுரத்தில் கைதிகளை அடைத்து வைத்த அறை ஒன்று இருந்தது. அந்த அறைச் சுவரில் பழைய கைதிகள் கீறிய பெயர்கள். அவற்றின் மேல் கண்ணாடி பதித்து, கீழே விளக்கம் எழுதி, சின்ன விளக்கும் போட்டிருந்தார்கள். கைடு ஒவ்வொரு பெயரையும் மரியாதையோடு படித்துக் காட்டினார். ஒருவன் ஆடு திருடியவன். இன்னொருவன் படையை விட்டு ஓடியவன்.

கீழ்த்தளத்தில் ஒரு பீரங்கி இருந்தது. எங்கள் பக்கத்துக் கோட்டை ஒன்றை வென்று கொண்டுவந்ததாக அட்டையில் எழுதியிருந்தது. ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். நான் திருத்திச் சொன்னேன். கைடு புன்னகைத்து, "அப்படியும் சொல்வார்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆங்கிலத்தில் முதல் வகுப்பில் தேறியவன் நான். ஆடு திருடியவன் கீறினால் கண்ணாடி போடுவார்கள். நான் சொன்னால் காதில்கூட விழாது.

கூட்டம் மேல்தளத்துக்குப் போனது. நான் கைதிகள் அறையிலேயே பின்தங்கினேன். திறந்த ஜன்னல் பக்கத்தில், கண்ணாடி இல்லாத ஒரு கல்லில், வீட்டுச் சாவியால் எழுத ஆரம்பித்தேன். மணற்கல், லேசாக உதிர்ந்தது. 'பரமசிவம்' முடித்து, 'அம்பத்தூர்' எழுதத் தொடங்கி 'அம்' வரை வந்திருந்தேன். நாற்பத்தெட்டு வயது எனக்கு. கோட் என் மேல்தான் இருந்தது.

"சார், கோட்ட குடுங்க. இந்த ஜன்னலாண்ட வெளிச்சம் நல்லா கீது" என்று மரியதாஸ் படியிறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார். படித்தார். "ஐயையோ, இன்னா சார் நீங்களுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன், அவர் போட்டுக்கொண்டார், நான் காமிராவை எடுத்தேன்.

அதற்குள் காவலாளி மேலே ஏறி வந்துவிட்டான். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். கண்ணில் பட்டது பழுப்புக் கோட் போட்ட ஒரு கறுப்பு மனிதன் சுவரைக் கீறுவது. மூச்சு வாங்க வந்தவன், கோட் யார் மேல் இருந்ததோ அவரை நோக்கி விரலை நீட்டினான்.

"நான்" என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் எனக்கு எல்லாப் பாஷையிலும் தெரியும். நான் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "என் சக ஊழியருக்காக மன்னிப்புக் கேட்கிறேன். அவர் எளிய குடும்பத்திலிருந்து வந்தவர். இந்த இடங்களின் அருமை தெரியாது."

இன்றைக்கும் குளிக்கும்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்கிறேன். எவ்வளவு இலக்கணச் சுத்தமாக வந்தது.

காவலாளி எங்கள் கல்லூரியின் பெயரையும் மரியதாஸின் பெயரையும் எழுதிக்கொண்டான். பேருந்தில் மரியதாஸ் கேட்டார்.

"இன்னா சார் சொன்னீங்க அவன்கிட்ட? எம்பேர எதுக்கு எழுதிகினான்?"

"ஒண்ணுமில்லப்பா. நான் பேசி முடிச்சிட்டேன்."

"கோட்டு கோட்டுன்னான். நான்தான்னு நெனச்சிகினானா?"

"விடு, முடிஞ்சுபோச்சு."

அவர் நம்பினார். கோட்டை மடித்து என் மடியில் வைத்தார், எனக்குக் குளிருமே என்று.

5

முடியவில்லை. கோட்டையிலிருந்து கல்லூரிக்குப் புகார் வந்தது. முதல்வர் எங்களைக் கூப்பிட்டார். மரியதாஸுக்குப் பாடப் புத்தக ஆங்கிலம் புரியும். கோபமாகப் பேசும் ஆங்கிலம் புரியாது. மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள்.

"நான் எழுதலன்னு சொல்லுங்க சார். யார் எழுதினான்னு நீங்களே சொல்லிக்கங்க. நான் இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

நான் முதல்வரிடம், அவர் வருந்துவதாகச் சொன்னேன்.

மரியதாஸ் என் பக்கம் திரும்பினார். "சாரின்னு சொன்னீங்களே, அது இன்னாத்துக்கு?" என்றார். அந்தச் சொல் அவருக்குத் தெரியாதா என்ன? மரியதாஸ் என்ன கேட்கிறார் என்பது போல முதல்வர் என்னைப் பார்த்தார். இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்கிறார் என்றேன்.

அடுத்த வாரம் மரியதாஸைத் திருப்பி அனுப்பினார்கள். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை, வகுப்பு இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓவர்கோட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். மிச்ச மாதங்களை அதைப் போட்டுக்கொண்டுதான் கழித்தேன். அதற்குமேல் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்க ஆளில்லை.

நான் சான்றிதழோடு அம்பத்தூர் திரும்பிய பிறகு விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அவசரமாக முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகவேண்டிய முகத்தோடு இருந்தார். மரியதாஸ் உள்ளதை உள்ளபடி சொன்னார். கோட் கை மாறியதைச் சொன்னார். "செவுத்துல பரமசிவம்னு கீது சார். யாரையாவது உட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

"அதைப் பார்க்க லண்டனுக்கு ஆள் அனுப்பணுமா?" என்று அதிகாரி கேட்டார். அறையில் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ்டர் பரமசிவம், இதில் உண்மை ஏதாவது இருக்கிறதா?" என்றார். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்கிற தோரணை.

"இல்லை" என்றேன்.

சூப்பர்வைசர் பதவி போனது. அதைவிட மோசமானது இன்னொன்று. அதிகாரி மேல் அபாண்டம் சுமத்தியவன் என்று தீர்ப்பில் எழுதினார்கள். கிறுக்கியவன் என்ற பெயர் இரண்டு நாளில் மறந்திருக்கும். பொய்யன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மெஷின் ஷாப்பில் எத்திராஜ் என்ற லேத் ஆபரேட்டர் அவருக்குக் 'கோட்டைச்சாமி' என்று பெயர் வைத்தான். கான்டீனில் சுண்ணாம்பு அடித்தால், "கோட்டைச்சாமி வர்றாரு, செவுர மறைங்கடா" என்பார்கள். என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரில்தான் கான்டீன். எல்லாம் கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஸ்டெல்லாவும் நம்பவில்லை. என் மனைவி வந்து சொன்னாள். "செஞ்சியில எம்பேர எழுதின ஆளுதானேக்கா? இது வேற யாரு செஞ்சிருப்பா? செஞ்சதும் இல்லாம சார் மேல பழி போடுது" என்று அழுதாளாம். அதை என்னிடம் சொல்லும்போது என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்ன யூகித்திருந்தாள் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

எனக்குப் பர்சனல் பிரிவில் மேலாளர் பதவி வந்தது. முன்கூட்டியே ஓய்வு பெற்றேன். முரளி கூப்பிட்டான், வந்தேன்.

6

இந்த ஜனவரியில் மெட்ராஸுக்குப் போனேன். சென்னை என்று பெயர் மாற்றியிருந்தார்கள். முரளியிடம் பல் வைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனேன். இன்னொரு பொய், இதுவும் கணக்கில் சேரட்டும்.

முதலில் கம்பெனிக்குப் போனேன். வரவேற்பறையில் என்னை அடையாளம் தெரிந்தவர் யாரும் இல்லை. பர்சனல் பிரிவில் இருந்த அதிகாரிக்கு முரளி வயதுகூட இருக்காது. நான் முழுவதையும் சொன்னேன். எழுத்தில் கொடுக்கிறேன், தீர்ப்பை மாற்றுங்கள் என்றேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"சார், ரொம்ப பழைய விஷயம். ஃபைல் இருக்குமான்னே தெரியல. இதை இப்ப எடுத்தா அவருக்குச் சம்பளப் பாக்கி, புரமோஷன்னு எவ்வளவோ கேள்வி வரும். நீங்க பெரியவர், ஊருக்கு வந்திருக்கீங்க. ரெஸ்ட் எடுங்க."

"நான் பொய் சாட்சி சொல்லியிருக்கேன்னு சொல்றேன்."

"அதான் சார், உங்களுக்கும் நல்லதில்ல."

மேஜையைக் குத்தினேன். பிஸ்கட் துள்ளியது. அவன் பதறவில்லை, என் இரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரித்தான். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் நானும் இப்படித்தான் இனிமையாகப் பேசுவேன். கடைசியில் என் கடிதத்தை வாங்கி, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தான். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை.

அங்கிருந்து ரயிலேறி ஆவடியில் இறங்கி சேக்காட்டுக்கு நடந்தேன். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரங்கள் இன்னும் சில வீடுகளில் தொங்கின. ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க சார், அவுரு இப்ப வந்துருவாரு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த மரியாதை என்னைக் கொன்றது. காபி கொண்டுவந்தாள். என் மனைவி இறந்த செய்தியைக் கேள்விப்பட்டு அழுததாகச் சொன்னாள்.

அவர் வரும்வரை காத்திருந்தால் என் தைரியம் போய்விடும் என்று பயந்தேன். அவளிடமே சொன்னேன். செஞ்சிக் கதை எனக்குத் தெரியும் என்பதையும், அதைக் கேட்டுத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"பன்னண்டு வருசமா நான் அந்த ஆளைப் பொய்யன்னு சொல்லிகினு இருந்தேன் சார். புள்ளைங்க எதிர்க்கவே சொல்லிகினு இருந்தேன். சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துக்குப் போன்னு அனுப்பிச்சேன். செய்யாததுக்கு இன்னான்னு போய்ச் சொல்லுவேன்னு கேட்டாரு. அதுக்கும் திட்டினேன்."

"என்னை மன்னிக்கணும்னு கேட்க வரலம்மா."

"பின்ன இன்னாத்துக்கு வந்தீங்க?"

அவள் எழுந்து, நான் பாதி குடித்திருந்த காபி டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க வெளிய நில்லுங்க சார். அவுரு வந்தா அங்கியே பேசிக்கங்க" என்றாள். நான் வெளியே போய் நின்றேன்.

மரியதாஸ் சைக்கிளில் வந்தார். இளைத்திருந்தார். நான் பேச ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரிஞ்ச கதைய எனக்கே சொல்றியா? உள்ள சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னா?"

"வெளியே நிக்கச் சொன்னாங்க."

அவர் சிரித்தார். பழைய சிரிப்புத்தான், ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்.

"பாஸ்போர்ட்டு எடுத்துகினு வந்து எனக்கு நல்லது செய்யற மாரி நிக்காத. நாளைக்கு காலீல ஷிப்ட் உடற நேரம் மண்ணூர்பேட்டைல கம்பெனி கேட்டுக்கு எதிர டீக்கடைக்கு வா. எங்க ஆளுங்க எல்லாம் அங்கதான் நிப்பானுங்க. எனக்குப் பேரு வச்சது அங்கதான். அங்க வந்து சொல்லு. எனக்கு அது போதும்."

7

மறுநாள் போனேன். சங்கு ஊதியது. இரவு ஷிப்ட் ஆட்கள் வெளியே வந்தார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரியாத பையன்கள். பழையவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எத்திராஜ் வயிறு பெருத்து, மூக்குக் கண்ணாடியோடு வந்தான். "பரமசிவம் சாரா? இன்னா சார், நம்ம ஊர் டீ ஞாபகம் வந்துச்சா?" என்றான்.

மரியதாஸ் அவர்களை நிற்கச் சொன்னார். "சார் ஒண்ணு சொல்லணும்னாரு. கேளுங்க." சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கோவிலுக்குப் போகிறவர் போல வந்திருந்தார். அப்போதுதான் அவருக்கு இது எவ்வளவு பெரிய காலை என்று எனக்குப் புரிந்தது.

நான் சொன்னேன். லாரி ஹாரன்களுக்கு நடுவில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கோட்டையில் கீறியது நான். மரியதாஸ் விசாரணையில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நான்தான் பொய்யன்.

யாரும் திடுக்கிடவில்லை. ஒரு பையன் எந்தக் கோட்டை என்று பக்கத்தில் கேட்டான். எத்திராஜ் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"இதுக்கா சார் ஏரோப்ளேன் புடிச்சி வந்தீங்க? எங்களுக்கு அப்பவே தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

"இவன் எங்கியாவது பேரு கிறுக்கணும்னா ஸ்டெல்லா பேரைத்தான் கிறுக்குவான். போயும் போயும் ஒரு ஆபீசர் பேரையா கிறுக்குவான்? இது இன்னா பெரிய கண்டுபுடிப்பு? ஆனா ஆபீசருக்கு எதிரா எவன் சார் வாயத் தொறக்கறது? எங்களுக்கும் இன்கிரிமென்ட் கீது இல்ல."

பழையவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரியதாஸ் டீ கிளாஸை பெஞ்சின் மேல் வைத்தார்.

"தெரியுமா?"

"விடு மாமே. பழைய கதை."

"தெரிஞ்சிகினேதான் கோட்டைச்சாமின்னு கூப்டியா?"

"தமாசுக்குடா. நீயும்தானே சிரிச்ச?"

"எம்பொண்ணு கண்ணாலத்துல மேடையில ஏறி அந்தப் பேரைச் சொன்னியே, அதுவும் தெரிஞ்சிகினேதானா?"

எத்திராஜ் என்னைப் பார்த்தான், இந்த வம்பை இழுத்துவிட்டவன் நான்தான் என்பது போல. அவன் நினைத்ததில் தப்பில்லை. நான் அவர்களைப் பார்த்துக் கத்தினேன். நீங்களெல்லாம் மனிதர்களா என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் குரல் எனக்கே கூசியது. அங்கே நின்றவர்களில் அதைக் கேட்க யோக்கியதை இல்லாத ஒரே ஆள் நான்.

மரியதாஸ் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சைக்கிள் பக்கத்தில் நின்றார்.

"இவனுங்க வெவரம் தெரியாத பசங்க, அதான் நம்மள நம்பலன்னு இத்தினி வருசம் நெனச்சிகினு இருந்தேன். வெவரம் தெரியாதவன்கூட ஒக்காந்து டீ குடிக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. குடிச்சேன். தெனம் குடிச்சேன்." மூச்சு விட்டார். "நீ சொன்னது சரிதான். நான்தான் சொல்லச் சொன்னேன். ஆனா நாளையிலேர்ந்து நான் யார்கூட டீ குடிக்கறது?"

நான் வாயைத் திறந்தேன். என்னோடு என்று சொல்ல வந்தது. நல்லவேளை சொல்லவில்லை.

அவர் சைக்கிளைத் திருப்பி ஆவடிப் பக்கம் மிதித்தார். கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.